ஏழாவது பார்ட்டி

வீடு வாங்க ஆறு பார்ட்டி வந்து பார்த்துவிட்டுப் போயாகிவிட்டது. பவளத்துக்கு வயிறெரிந்தது. வந்தவர்கள் யாரும் வீட்டைக் குறை சொல்லவில்லை. எதிர்மலை முழுக்கத் தேயிலை, கூடத்தில் சிமெண்டுத் தரை, தண்ணீருக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிக்கொண்டே பத்து நிமிஷத்தில் வண்டியேறிவிட்டார்கள். அவள் கலக்கிக் கொடுத்த தேத்தண்ணியை ஒரு மகராசன்கூட முழுதாகக் குடித்ததில்லை.

ரிங்லெட்டுக்கு மேலே, தோட்ட எல்லையை ஒட்டி அவளும் புருஷன் நல்லுசாமியும் கட்டிய வீடு அது. அவள் இருபது வருஷம் கொழுந்து பறித்தவள். அவன் தோட்டத்து லோரி ஓட்டினான். பிறகு சொந்தமாக ஒரு பழைய லோரி வாங்கி, தாப்பா பக்கமிருந்து கோழி எரு ஏற்றிவந்து காய்கறி போடுகிறவர்களுக்குக் கொடுத்தான். இன்றைக்கும் அதே தொழில்தான்; மூட்டைகளை வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் அடுக்கி வைப்பான். அந்த வருமானத்தில்தான் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வெளியே வந்தார்கள். ஒரே மகள் நவமணியைத் தாதி வேலைக்குப் படிக்க வைத்ததும் அதில்தான்.

நவமணிக்கு இப்போது ஈப்போ ஆஸ்பத்திரியில் வேலை. வாடகை அறையில் தனியாகக் கிடக்கிறாள். அங்கேயே புந்தோங்கில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் மாசக் கடைசிவரைதான் பொறுப்பாராம். இது விலைபோனால்தான் அது கிடைக்கும். மகளோடு ஒரே வீட்டில் உட்கார்ந்து சோறு தின்ன வேண்டும், பவளத்துக்கு வேறு ஆசை இல்லை.

வீட்டு புரோக்கர் தங்கையா தாப்பாக்காரன். ‘சுத்தமான மலைக் காற்று’ என்று பேப்பரில் விளம்பரமெல்லாம் போட்டிருந்தான். பார்ட்டி வருவதற்கு முதல்நாளே வந்து அவள் உயிரை வாங்குவான்.

“அக்கா, சாம்பிராணி நல்லா போட்டு வைங்க. பின்பக்கத்து ஜன்னலைத் தொறக்காதீங்க. வெயில் ஏறுறதுக்குள்ள கூட்டியாந்துடுறேன் லா.”

புரோக்கருக்கு இத்தனை பக்தியா என்று அவள் அசந்துபோனாள். அவன் சொன்னான் என்று பெயிண்டு அடித்தாள், ஜன்னலுக்குப் புதுத் துணி தைத்தாள், வாசலில் ரோஜாத் தொட்டி வைத்தாள். ஆறு மாசமாக முதுகு ஒடிந்ததுதான் மிச்சம்.

ஏழாவது பார்ட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுங்கை சிப்புட்டில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற சிவசாமியும் அவர் மனைவியும். வழியில் கார் மக்கர் பண்ணியதால் வந்து சேரும்போது மணி பன்னிரண்டு. வெயில் சுள்ளென்று அடித்தது. நல்லுசாமி லோரியோடு வெளியே போயிருந்தான். லீவில் வந்திருந்த நவமணிதான் கதவைத் திறந்தாள்.

வாத்தியார் மனைவி வாசற்படியிலேயே கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். “நல்ல வீடு, ரொம்ப நல்ல வீடு” என்று கைக்குட்டைக்குள்ளிருந்தே சொன்னார். வாத்தியார் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “யோசிச்சு சொல்றோம்மா” என்றார். கார் கிளம்பிவிட்டது.

அவர்களைக் கூட்டிவந்த தங்கையாவிடம் பவளம் வெடித்துவிட்டாள். “என்னதான்யா கொறை என் வீட்டுல? நீயும் அவங்களோட சேந்து நாடகம் ஆடுறியா? இன்னிக்கிச் சொல்லாம இங்கேர்ந்து போக முடியாது!”

தங்கையா தன் செருப்பைப் பார்த்தான். “நாத்தம்க்கா.”

“என்ன நாத்தம்?”

“கோழி எருவு. வெயில் வந்துட்டா கொடலைப் பெரட்டுது. ஒங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு...”

“எருவு கொட்டகையில கெடக்கு. வீட்டுக்குள்ள என்னய்யா நாத்தம்?” அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. தினம் ரெண்டு வேளை பெருக்கித் துடைக்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது! மகள் பக்கம் திரும்பினாள். “கேட்டியாடி இந்தாள் சொல்றத? நீயே சொல்லு, நம்ம வீடு நாறுதா?”

நவமணி மூடியிருந்த பின்பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள்.

“சொல்லுடி!”

“ஆமாம்மா.”

பவளத்துக்குச் சிரிப்பு நின்றுபோனது. “எப்போலேர்ந்து?”

“அப்பா லோரி வாங்குனதுலேர்ந்து. ஸ்கூல் பஸ்ஸுல என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. ஏன்னு அப்ப எனக்கே புரியல. ஈப்போவுக்குப் போயிட்டு மொத லீவுல திரும்பி வந்தப்பதான் எனக்கே அடிச்சிச்சு.”

“இத்தனை வருஷமா எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“அதுலதானேம்மா என்னைப் படிக்க வச்சீங்க” என்றாள் நவமணி. “எப்படி சொல்றது?”

தங்கையா சத்தமில்லாமல் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். வந்தவன் போனவன் மேலெல்லாம் எரிந்து விழுந்தவள், இப்போது யார்மேல் விழுவது என்று தெரியாமல் நின்றாள். பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருந்த பிள்ளையை நினைக்க நினைக்க நெஞ்சு வலித்தது.

“எம்மேலயும் அடிக்குதாடி?” என்று கேட்டாள்.

நவமணி அழுதாள்.

பவளம் முந்தானையை மூக்கில் வைத்து ஆழமாக இழுத்தாள். சவுக்கார வாசம்தான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் இழுத்தாள்.

“எனக்குத் தெரியலியேடி” என்றாள்.