உள்ளறையில் அறுந்த அழைப்புகள்

சம்பந்தியாகப் போகிறவரிடம் பேசும்போதெல்லாம் அழைப்பு நடுவில் அறுந்துபோனது. அதுவும் எங்கே? "உங்க பெரிய பொண்ணு இப்ப எங்க இருக்காங்க?" என்று அவர் கேட்கும் இடத்தில். நான் வேண்டுமென்றே வெட்டுகிறேன் என்று அவர் நினைத்தார். அவர்தான் வைத்துவிட்டார் என்று நான் நினைத்தேன். வைத்தவர்தான் திரும்பக் கூப்பிட வேண்டும் என்பது என் கொள்கை. அவருக்கும் அதே கொள்கை போலிருக்கிறது.

நேற்று தரகர் வந்தார். "இன்னொரு தடவை கட் ஆச்சுன்னா வேற இடம் பாத்துக்கிறேன்னுட்டாருங்க."

கல்யாணப் பெண்ணான சின்னவள் காதிலும் அது விழுந்தது. சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சிம்மை மாற்றியாயிற்று. போனை அணைத்து அணைத்துப் போட்டாயிற்று. புகார் கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது. இன்று வந்த டெக்னீஷியன் பெண்ணும் அலுத்துத்தான் போயிருந்தாள்.

"எனக்குக் கால் பண்ணுங்க சார். எப்பவும் பேசுற மாதிரியே பேசுங்க."

கூடத்தில் ஆரம்பித்தேன். நலம் விசாரிக்கும்வரை அங்கேதான். பிறகு வழக்கம்போல் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கேட்கும்படி பேசி எனக்குப் பழக்கமில்லை. அழைப்பு அறுந்தது.

"போன்ல ஒண்ணுமில்ல சார். நீங்கதான் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறீங்க."

உள்ளே போனதும் பக்கத்து டவர் கைவிட்டுவிடுகிறதாம். போன் தூரத்து டவருக்குத் தாவும்போது பேச்சு அறுகிறதாம்.

"இதுக்கு வழி?"

"புது டவர் வரணும். அதுவரைக்கும் பால்கனிதான்."

"அதுக்கு மைக் கட்டியே பேசிடலாமே!"

"அதுக்கு வேற ஆளுங்க சார்," என்று பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

என் மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள். "மூடி மூடி வெச்சு எனக்கு அலுத்துப்போச்சுங்க. உங்களுக்கும் கட் ஆனது வசதியாத்தானே இருந்துச்சு? சின்னவளையாவது பாருங்க."

பெரியவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனவள். வெளிநாட்டில் வேலை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறேன்.

பால்கனிக்குப் போய், முதல்முறையாக நானே சம்பந்தியைக் கூப்பிட்டேன். எதிர்வீட்டு அம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கய்யா. இன்னிக்கு எதுவரைக்கும் பேசுறதா உத்தேசம்?"

"வெட்டினது நான் இல்லீங்க, டவர். கேளுங்க."

"பெரிய பொண்ணு எங்க?"

கால் தானாக உள்ளே திரும்பியது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இதே ஊர்லதான். அவளா பாத்துக் கட்டிக்கிட்டா. நான் பேசறதில்ல."

எதிரே துணி உதறும் சத்தம் நின்றது. போனிலும் மௌனம். திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"லைன்லதான் இருக்கேன்," என்றார் அவர். "மறைக்காம சொன்னீங்க, போதும். கல்யாணத்துக்கு அவங்களையும் கூப்பிடுவீங்கல்ல?"

எதிர்வீட்டு அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிடறேன்." வாய்க்குள்ளேயே சொன்னேன்.

"கேக்கலீங்க."

உரக்கச் சொன்னேன்.