புல்லுக்கு ஒரு மேசை

பிரிக்பீல்ட்ஸில் வாங்க முடியாத சாமான் எதுவும் இல்லை. இருந்தும் புஷ்பவல்லி கொமூட்டர் ரயில் ஏறி, மழை இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கிள்ளானில் ஒரு பாத்திரக் கடைக்குள் வந்து நின்றாள். உள்ளூரில் ஒரு கரண்டி வாங்கினாலே, வாங்கியவள் வீடு திரும்புவதற்குள் அடுக்குமாடி முழுக்கத் தெரிந்துவிடும். அவளுக்குத் தெரியாதா? தெரியப்படுத்துகிறவளே அவள்தானே.

யாருக்குச் சர்க்கரை ஏறியது, யார் ஊசிக்கு மாறினார்கள், யார் ஒளித்துவைத்து குலோப் ஜாமூன் தின்றார்கள் என்று ஐந்தாம் மாடி நடைபாதையில் தினமும் செய்தி வாசிப்பவள். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை தங்கரத்தினத்தையும் விட்டதில்லை. "வாயக் கட்டணும் ஆன்டி. வாயக் கட்டுனா சீக்கு எப்படி வரும்?" என்று நாலுபேர் கேட்க வாசலில் வைத்தே கேட்டிருக்கிறாள். இப்போது அந்த வாய்க்கே சர்க்கரை. அடுத்த தடவையும் குறையாவிட்டால் ஊசிதான் என்றுவிட்டார் டாக்டர். அவர் சொன்னது மாத்திரையும் நடையும். கோதுமைப்புல் சாறு என்று சொன்னது வாட்ஸ்அப். பிளெண்டரில் போட்டால் புல் நாராகச் சுற்றிக்கொள்கிறது. அது போடும் கூச்சலில் எதிர் பிளாக்கே எட்டிப் பார்க்கும். ஆகவே, சத்தமில்லாமல் கையால் சுற்றுகிற மெஷின்.

கடைக்காரர் விஜயன் இரண்டை எடுத்து வைத்தார்.

"அக்கா, இந்த பிளாஸ்டிக்கு லேசு. ஆரஞ்சுக்கு ஓகே. புல்லு, கீரைன்னா திணறிரும். ரப்பர் காலு வேற, நீங்க சுத்த சுத்த அதுவும் கூடவே நடக்கும். இது எவர்சில்வர். புல்ல மென்னு சக்கையத் தனியாத் துப்பிரும். மேசை விளிம்புல திருகி மாட்டணும். வீட்ல மர மேசைதானே?"

அது அவள் காதில் ஏறவில்லை. அவளுக்கு வேறு விசாரணை இருந்தது.

"பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து யாராச்சும் வந்து வாங்குனாங்களா பாஸ்?"

"அதச் சொன்னா அப்புறம் எவன் எங்கிட்ட வாங்குவான்?"

"சும்மா கேட்டேன் லா. வயசானவங்களா?"

"மேசை மரந்தானே அக்கா?"

"ஆமா, ஆமா. பொம்பளையா, ஆம்பளையா?"

விஜயன் எவர்சில்வரைப் பெட்டியில் போட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மேசை ஞாபகம் வந்தது. சமையல் மேடை ஓடு பதித்த தடித்த சிமெண்டு. மெஷினின் பிடி அவ்வளவு அகலம் திறக்கவில்லை. சாப்பாட்டு மேசையோ முழுக் கண்ணாடி. வாங்கியபோது மாடி முழுக்கக் கூப்பிட்டுக் காட்டியது. கணவன் வாசு அதில் ஒரு திருகு திருகியதும் 'டிக்' என்றது. இருவரும் அசையாமல் நின்றார்கள்.

"சாமி மேசை மரந்தான்," என்றான் வாசு.

அவள் பார்த்த பார்வையில் அவன் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். "அப்ப தங்கரத்தினம் ஆன்டி வீட்லதான் கேக்கணும். அந்தத் தேக்கு மேசை யானை ஏறுனாலும் ஆடாது."

"அதுக்கு நான் ஊசியே போட்டுக்குவேன்."

சொல்லிவிட்டு ஊசியை நினைத்துப் பார்த்தாள். குளியலறை ஜன்னலில் ஒளித்து வளர்த்த புல் வேறு முற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை, மெஷினைத் துண்டில் சுற்றிப் பிள்ளையைப்போல இடுப்பில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"என்ன புஷ்பம், விடியக்காலமையே? உள்ளுக்கு வாரும்."

"உங்க மேசைய கொஞ்ச நேரம் கேக்கலாம்னு, ஆன்டி. முறுக்கு மெஷினு. தீபாவளிக்கு."

"தீபாவளி இப்பதானே முடிஞ்சது?"

"பழகிப் பாக்கத்தான்."

தங்கரத்தினம் துண்டை விலக்கிப் பார்த்தார். புஷ்பவல்லியின் கைப்பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த புல்லையும் பார்த்தார். நாளைக் காலை நடைபாதையில் வாசிக்கப்போவது அவள் பெயர்தான். வாசிக்கிற உரிமையும் இவருக்குத்தான் முதலில்.

அவர் மேசைவிரிப்பின் ஒரு மூலையைத் தூக்கினார். தேக்கு விளிம்பில் வட்டமாக ஒரு பள்ளம். அதைச் சுற்றிப் பச்சைக் கறை.

"அந்த இடத்தில பூட்டாதேயும், மரம் தேஞ்சு போச்சு. இஞ்சால பூட்டும். என்ர மெஷின்ர கைப்பிடி போன கிழமை கழண்டிட்டுது. நல்ல நேரம் வந்தீர்."

எப்போதிருந்து, யார் சொல்லி, எந்தக் கடையில் என்று கேள்விகள் புஷ்பவல்லியின் நாக்கு நுனியில் முட்டி மோதின. ஒன்றைக்கூட வெளியே விடவில்லை. தங்கரத்தினம் ஜன்னல் கண்ணாடிகளைச் சாத்திவிட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து தன் புல்தட்டையும் எடுத்து வந்தார். இவள் சுற்ற, அவர் புல்லைத் திணித்தார்.

வெளியே செருப்புச் சத்தம் ஒன்று வந்து, வாசலுக்கு நேரே நின்றது. கைப்பிடி பாதிச் சுற்றில் நின்றது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி மூச்சடக்கி நிற்க, மெஷினின் மூக்கில் ஒரு பச்சைச் சொட்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.