ஓடு போட்ட வீடு

ஜப்பான்காரன் சண்டை வந்த வருஷம். அரக்கோணம் பக்கத்துல பட்டாளத்துக்காரங்க ஏரோப்ளேன் எறங்கத் தளம் போடறாங்கன்னு சேதி வந்ததும், திருத்தணியில பாதி ஏர் படுத்துக்கிச்சு. கண்ணையனும் கழனியை விட்டுட்டு தினம் ரயிலேறி ஜல்லி கொட்டப் போனான். போய்யா போன்னு தள்ளினவளே அவன் பொண்டாட்டி சின்னம்மாள்தான். யாரைக் குத்தம் சொல்ல?

அவங்க இருந்த குடிசை ஆண்டை ஜம்புலிங்கத்தோட மனையில. மண்ணும் சுவரும் ஆண்டையோடது, கூரை குடியிருக்கிறவனோடது. அவர் கழனியில உழைக்கிற வரைக்கும் வாடகைப் பேச்சே கிடையாது. அதுதான் ஊர் வழக்கம். கண்ணையன் கழனி வேலையை விட்டப்பறமும் ஆண்டை வாடகை கேக்கலை. ஒழுகற குடிசைக்கு எவன் வரப்போறான்?

மவராசி சின்னம்மாளுக்கு அங்கேதான் புத்தி கெட்டுது. யானை தன் தலையிலே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட கதையா, புருஷன் கூலியில நாட்டு ஓடு வாங்கிக் கூரையில ஏத்தினா. வருஷா வருஷம் கீத்து வேயற பாடு ஒழிஞ்சுதுன்னு தெருவுக்கே வெல்லம் கொடுத்தா.

தளத்துக்குக் கணக்கெழுத வந்த குமாஸ்தாக்களுக்கு அரக்கோணத்துல எலிவளைகூட அகப்படலை. திருத்தணிக்கு வந்து வீடு தேடினாங்க. மலையடிவாரத்து மாட்டுக்கொட்டாய்க்கெல்லாம் கிராக்கி வந்துது. ஜம்புலிங்கமும் ஒருநாள் வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"கழனிக்கு வராதவனுக்கு மனை எதுக்கு? வேற எடம் பாத்துக்கோங்க."

"ஓடு எங்களுது ஆண்டே."

"ஆங், இல்லேன்னு யார் சொன்னா? எறக்கி எடுத்துக்கினு போ."

சின்னம்மாள் கே.ஜி.கண்டிகை வரைக்கும் வீடு தேடி அலைஞ்சா. அங்கேயும் வீட்டுக்காரங்க கேட்ட வாடகை கண்ணையன் கூலியை அப்படியே முழுங்கிடும். வயிறு எரிஞ்சுது அவளுக்கு. கூரையில்லாத வீட்டுக்கு எவன் வர்றான்னு பாக்கறேன்னு கறுவிக்கினே ஓடு அத்தனையும் எறக்கி, ரோட்டோரப் புளியமரத்தடியில அடுக்கி, அங்கேயே அடுப்பு மூட்டினா. ஒரு ஓடு உடையலை.

மறுநாளே ஒரு குமாஸ்தா டிரங்குப் பெட்டியோட வந்து எறங்கினான். ஆண்டை நாலு கீத்தைப் போட்டு மூடிட்டார். வாடகையில காலணா குறையலை. அந்தப் பாவி வயிறெரிஞ்சு யாருக்கு என்ன ஆச்சு?

அந்த வாரமே மழை புடிச்சுக்கிச்சு. நனைஞ்ச வேட்டியோட குமாஸ்தா மரத்தடிக்கு வந்தான். நல்ல பிள்ளைதான், மரியாதையாத்தான் பேசினான்.

"வீடு ஒழுகுதும்மா. இந்த ஓடுங்களை விலைக்குக் கொடுப்பீங்களா?"

சின்னம்மாள் அடுப்பைப் பார்த்தா. விறகெல்லாம் ஈரம். அன்னைக்கு முழுக்க அது பத்தவேயில்லை. கண்ணையன்தான், ஏத்தற கூலி தனின்னு மெதுவாச் சொன்னான்.

மழை விட்டதும் கண்ணையனே கூரை ஏறினான். அவசரத்துல உடைச்சிடுவான்னு, கீழே நின்னு ஒவ்வொரு ஓடா எடுத்துக் கொடுத்தவ சின்னம்மாள்.