புருவம் திருத்துகிறவளின் கழுத்து

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் நடுவில் நெளிய வேண்டாம். என் கணவரின் அக்கா அவள். பெண் பார்க்க வந்த அன்றே, "பொண்ணு என்ன பண்றா? கைகால் பிடிச்சு விடுறாளா?" என்று கேட்டவள். பிசியோதெரபி படித்து, சொந்தமாக கிளினிக் வைத்த பிறகும் அவள் வாயில் நான் பிடித்து விடுகிறவள்தான்.

அப்படிப்பட்டவள் வலது கையை இடது கையால் தாங்கியபடி ஒரு நாள் என் கிளினிக் படியேறி வந்தாள். அவளுக்குக் கடைத்தெருவில் பார்லர். புருவம் திருத்துவதில் கெட்டிக்காரி, அதை மறுக்க மாட்டேன். நூலைப் பல்லில் கடித்து, விரல்களில் மாட்டி, குனிந்தபடி தலையை முன்னும் பின்னும் ஆட்டி முடி பிடுங்குகிற வேலை. வருடக்கணக்காக ஆடிய கழுத்து இப்போது கணக்குத் தீர்க்கிறது. வலி கழுத்திலிருந்து தோள் வழியாக இறங்கி, முழங்கையைத் தாண்டியிருந்தது; கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயிருந்தன. நூல் பிடிக்கிற விரல்கள் அவை. அவை போனால் பார்லர் போச்சு.

"ஆபரேஷனுக்கு முன்னாடி இதைப் பண்ணிப் பாருன்னு டாக்டர் அனுப்பினார். பக்கத்துல வேற ஆள் இல்ல," என்றாள். அதைவிட மரியாதையாகச் சொல்ல அவளுக்குத் தெரியாது.

படுக்க வைத்தேன். "துண்டு துவைச்சதுதானே?" என்று முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை வைத்தாள்.

"அண்ணி, ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. இந்த வலி போகும்போது விரலை விட்டுட்டு மேல ஏறும். முழங்கை, தோள், கடைசில கழுத்து. அப்ப கழுத்து இப்ப இருக்கறதைவிட அதிகமாக்கூட வலிக்கலாம். பயப்படாதீங்க, நரம்பு விடுபடுதுன்னு அர்த்தம்."

"வாய் பேசினா கை சரியாயிடுமா? வேலையைப் பாரு."

வேலையைப் பார்த்தேன். கழுத்தை மெல்ல இழுத்துப் பிடித்தேன். தாடையை உள்ளே இழுக்கும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தேன். கோழி மாதிரி இருக்கிறது என்று திட்டிக்கொண்டே செய்தாள். வாரங்கள் இப்படிப் போயின.

பிறகு ஒரு காலை அவளுக்குக் கழுத்து வலி பிடுங்கி எடுத்திருக்கிறது. என்னைக் கூப்பிடவில்லை. தம்பியைக் கூப்பிட்டாள், என் மாமியாரைக் கூப்பிட்டாள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அழுது குரல் பதிவு அனுப்பினாள். நான் பழைய வன்மத்தை வைத்துக்கொண்டு கழுத்தைத் திருகிவிட்டேனாம்.

என் கணவர் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார். "வேணும்னே பண்ணினியா?"

"என்ன கேக்கறீங்க?"

"உனக்கு அக்காவைப் பிடிக்காது. அதான் கேட்டேன்."

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிற மாதிரி கேட்டார், பாருங்கள். என்னைப் பிடிக்காதவர்கள், எனக்குப் பிடிக்காதவர்கள் எத்தனையோ பேர் என் கிளினிக் கட்டிலில் படுத்து எழுந்து நடந்து போயிருக்கிறார்கள். என் கைக்கு வன்மம் தெரியாது. கூட இத்தனை வருடம் வாழ்ந்தவருக்கு அது தெரியவில்லை.

நாத்தனார் வருவதை நிறுத்தினாள். ஒரே சொடுக்கில் கழுத்தைச் சரிசெய்கிற ஒரு ஆளிடம் அவள் போகப் போவதாக மாமியார் சொன்னார். இந்த நிலைமையில் அப்படி ஒரு சொடுக்கு விழுந்தால் அவள் கை அவ்வளவுதான். நான் நேரே பார்லருக்குப் போனேன்.

"புருவம் திருத்தணும்," என்றேன்.

"உதவிக்கு இருக்கிற பொண்ணு பண்ணுவா."

"நீங்கதான் பண்ணணும் அண்ணி."

சுற்றிலும் வாடிக்கையாளர்கள். மறுக்க முடியாமல் எழுந்து வந்தாள். அவள் குனிய வேண்டாமென்று நாற்காலியை நானே உயர்த்திக்கொண்டேன். நூலைப் பல்லில் கடிக்காமல் கையாலேயே செய்யச் சொன்னேன். என் தொழிலை எனக்கே சொல்லித் தருகிறாயா என்று முறைத்தாள். பிறகு இருந்த கோபத்தையெல்லாம் என் இடது புருவத்தில் காட்டினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. நூல் மட்டும் ஒரு தடவைகூட நழுவவில்லை.

ஒரு புருவம் முடிந்ததும் நின்றாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிப் பார்த்தாள்.

"மரத்துப் போயிருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"முழங்கை, தோள்?"

"இல்ல."

"எங்கதான் வலிக்குது?"

"கழுத்துல மட்டும்," என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

"முதல் நாளே சொன்னேன் அண்ணி. இப்பவே உங்க தம்பிக்குப் போன் பண்ணி இதைச் சொல்லுங்க."

போனை எடுத்தாள். "தம்பி, உன் பொண்டாட்டி வந்திருக்கா. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தா. போகட்டும், நான் விட்டுட்டேன். நீயும் ஒண்ணும் சொல்லாத." போனை வைத்துவிட்டு நூலைப் பிரித்தாள். "இன்னொரு புருவம் இருக்கு. கண்ணை மூடு."

வீட்டில் என் கணவர் கலகலப்பாக இருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா எதுக்குப் பொய் சொல்லப் போறாங்க?" என்றார்.

மறுநாள் நாத்தனார் எதுவும் நடக்காதது போல வந்து படுத்தாள். துண்டை முகர்ந்து பார்க்கக்கூட இல்லை. அவள் கழுத்து முழுவதும் என் இரண்டு உள்ளங்கைகளுக்குள் இருந்தது. வேணும்னே செய்வதென்றால் எவ்வளவு சுலபம் என்று அப்போது தோன்றியது. இத்தனை வருடத் தொழிலில் முதல் தடவையாகத் தோன்றியது. அதை எனக்குள் போட்டது அவள் இல்லை; சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து கேட்டவர்.

"எழுந்திருங்க அண்ணி. இனிமே வேற ஆள்கிட்ட போங்க."

"ரெண்டு பஸ் மாறிப் போகணுமே. ஏன், என்னாச்சு?"

நான் கையை எடுத்துவிட்டேன்.