புளிப்பு வற்றிய வயிறு

ஆர்மானுக்கு ஒரு வீம்பு உண்டு. காரைக்கால் மருந்து என்றால் முகம் சுளிப்பார். பாரிசிலிருந்து வந்தது என்றால் கேள்வி கேட்காமல் வாயைத் திறப்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிற மனுஷர் அல்லவா, யார் சொன்னால் கேட்பார்? அந்த வீம்பு அவரை ஆபரேஷன் மேசைக்குப் பக்கம் வரைக்கும் இழுத்துப் போகும் என்று மனைவி லூர்தம்மாள் கனவிலும் நினைக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில் அவருக்கு வயிற்றுப் புண். டாக்டர் அப்துல் லத்தீப் எல்லா மாத்திரையையும் இரண்டு வாரம் நிறுத்தச் சொல்லி, ரத்தம் எடுத்து மதராசுக்கு அனுப்பினார். காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் ஆறு மடங்கு ஏறியிருந்தது. அதைச் சுரக்கிற கட்டி கணையத்தில் இருக்கலாம், மதராசில் வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டிவரும் என்றார். அன்றிலிருந்து லூர்தம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

மதராசுக்குக் கடிதம் வாங்கப் போன அன்று டாக்டர் மறுபடி கேட்டார்.

"நெஞ்செரிச்சலுக்கு எதுவும் சாப்புடலையே?"

"எதுவும் இல்லீங்க," என்றார் ஆர்மான்.

லூர்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, நம்ம ஷர்லோத் பாரிசுலேருந்து அனுப்புற கேப்சூல தெனம் முழுங்குறீங்களே, அது என்னவாம்?"

"அது பொண்ணு அனுப்புறது. டாக்டர் எழுதிக் குடுத்தத நிறுத்திட்டேன்ல?"

டாக்டர் பேனாவை மூடினார். லூர்தம்மாள் பையிலிருந்து எடுத்து நீட்டிய கேப்சூல் அட்டையைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அமிலம் சுரக்கச் சொல்றதே காஸ்ட்ரின்தாம்மா. வயித்துல அமிலம் இருக்குற வரைக்கும் அதுக்கு ஒரு பிரேக் இருக்கும். இந்தக் கேப்சூல் அமிலத்த வத்த வச்சிடுச்சு, பிரேக் விட்டுப்போச்சு. இரைப்பையோட அடிப்பக்கத்துச் செல்லுல இருக்குற ஜீன், அமிலம் பத்தல பத்தலன்னு காஸ்ட்ரினுக்கு மேல மேல உத்தரவு எழுதியிருக்கு. இத நிறுத்திட்டு இன்னொரு தடவ பாத்துருவோம்."

அடுத்த இரண்டு வாரம் ஆர்மான் நெஞ்செரிச்சலில் துடித்தார். துடிக்கட்டும் என்று லூர்தம்மாள் விட்டுவிட்டாள். ராத்திரியில் மட்டும் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

ரிப்போர்ட் வந்தது. காஸ்ட்ரின் சரசரவென்று இறங்கியிருந்தது. "கட்டி கிட்டி ஒண்ணுமில்ல. புண்ணுக்கு மருந்து தர்றேன், வீட்டுக்குப் போங்க," என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் லூர்தம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தெரு என்றும் பார்க்காமல் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஒரு மாசமா மனசுக்குள்ள ஒங்களப் பொதச்சு வச்சிருந்தேங்க."

ஆர்மான் முதுகைத் தடவிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எங்க வச்ச?"

"ஒங்கம்மா கல்லறைக்குப் பக்கத்துல. எனக்கும் எடம் விட்டுத்தான்."