சத்தம் வரும் நாள்

ஆனந்தராசா 2022 ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை, லொங்குய்யைத் தாண்டிய ஒரு வயல்வெளியில், சக்கிமுக்கிக்கல் துவக்கால் சுட்ட முதல் வெடியின் சத்தம் பதினாறு நாள் கழித்துத் திங்கட்கிழமை பின்னேரம் ஆறு ஐந்துக்குச் செயின்ட்-மிஷேலில் அவருடைய வீட்டுக் குசினிக்குள் கேட்டது. குண்டு நேரத்துக்கே போய்விட்டது. கல் உரசியது, பொறி பறந்தது, தோளில் இடித்தது, ஐம்பது யார் தூரத்துப் பலகையில் ஓட்டை விழுந்தது, வெள்ளைப் புகை எழும்பி மரங்களுக்குள் போனது. சத்தம் மட்டும் வரவில்லை. அன்று அவர் எட்டு முறை சுட்டார், எட்டும் ஊமை. அவரைக் கூட்டிக்கொண்டு போன ரெஜான், சில ஆட்களுக்குச் சத்தம் பிந்தித்தான் வரும், எங்கே நின்றாலும் சுட்டவரைத் தேடி வந்துசேரும் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுத் தன்னுடைய சாண்ட்விச்சைப் பிரித்தார். அவருடைய துவக்குச் சங்கத்து ஆட்களும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ரெஜானும் ஆனந்தராசாவும் செயின்ட்-மிஷேல் பாண் பேக்கரி ஒன்றில் பத்தொன்பது வருடம் ஒரே அடுப்புக்கு முன்னால் நின்றவர்கள். ரெஜானின் சங்கத்தில் பென்சன் எடுத்த மனிதர்கள் ஜூலை வெயிலில் கம்பளிக் கோட்டும் மூன்று மூலைத் தொப்பியும் போட்டுக்கொண்டு, இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய முறையில் சுடுவார்கள். ஆனந்தராசா சும்மா பார்க்கத்தான் போனார். வெடிமருந்து அளந்து, குழலில் கொட்டி, குண்டைத் துணியில் சுற்றி, தடியால் இடித்து, கல் உரசுகிற இடத்துக் கிண்ணியில் ஒரு சிட்டிகை பொடி மருந்து வைத்து, எல்லாரும் பின்னால் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து, கடைசியில் ஒரு வெடி. அதற்கே இரண்டு நிமிடம் போய்விடும். யாழ்ப்பாணத்தில் அவர் கண்ட துவக்குகளுக்கு இந்தப் பொறுமை கிடையாது, அவற்றின் எதிரில் எப்போதும் ஆள் இருந்தது. எதிரில் வெறும் பலகை நிற்கிற ஒரு துவக்கை அவர் ஐம்பத்திரண்டு வயதில்தான் முதல் முதலாகக் கண்டார். மனிதருக்கு அது பிடித்துப்போயிற்று.

மனைவி குணேஸ்வரிக்கு மட்டும் இதை அவர் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. கலியாணம் பேசி வந்தபோதே குணேஸ்வரி ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தவர்: வீட்டுக்குள் வெடிச்சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் போய்விடுவேன் என்றார், சொன்னபடி போயும் வந்தார். ஆற்றங்கரையில் வாணவேடிக்கை நடக்கிற ஒவ்வொரு கோடையிலும், அந்தந்த நாட்களில் காதுக்குப் பஞ்சும் இரண்டு சட்டையும் எடுத்துக்கொண்டு கர்க்லாண்டில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே பணக்காரரின் நாய்கள் குரைப்பதைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஆகவே ஆனந்தராசா, பேக்கரியில் சனிக்கிழமையும் வேலை என்று பொய் சொல்லிவிட்டுப் போய்வந்தார்.

பிழை நடந்தது மருந்தில்தான். புதிதாய் வந்தவருக்கு உதவட்டும் என்று முதல் வெடிக்கு முன்னமே சங்கத்தில் மூன்று பேர் ஆளுக்கொரு தகரப் பேணியில் அரைவாசி மருந்து கொடுத்தார்கள். நம்முடைய ஆட்களுக்குத் தட்டில் மூன்று அரைப் பேணி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பழைய மிளகாய்த்தூளையும் புதிய மிளகாய்த்தூளையும் தங்கச்சி திரித்து அனுப்பிய மிளகாய்த்தூளையும் ஒரே போத்தலில் கொட்டிக் குலுக்குகிற குடும்பம் அது. ஆனந்தராசாவும் ஒரு வெறும் மோல்ட் பால்மாப் பேணியைக் கழுவித் துடைத்துக் காயவைத்து, மூன்று மருந்தையும் அதற்குள் கொட்டி, கரண்டியால் நன்றாகக் கலந்து வைத்தார். இடம் மிச்சம் என்று அவருக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

சத்தம் வந்த நேரம் குணேஸ்வரி புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார். அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது, கோப்பை ஒன்று விழுந்து உடைந்தது, குசினி முழுக்கக் கந்தகம் மணத்தது. மேல்வீட்டுச் சூசைப்பிள்ளை, மட்டக்களப்புக்காரர், வெளிப்படியால் இறங்கி வந்து, பெடியள் நாலு நாளில் வரப்போகிற சென்-ஜோன் திருநாளுக்கு இப்பவே வெடி கொளுத்தத் தொடங்கிவிட்டான்களோ என்று கேட்டார். ஆனந்தராசாவுக்குப் பொய் சொல்ல வராது. சனிக்கிழமைப் பொய்யிலேயே இருந்ததெல்லாம் செலவழிந்துவிட்டது. நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னார். குணேஸ்வரி கையைக் கழுவி, அடுப்பை நிறுத்தி, பையை எடுத்தார்.

"துவக்கை நாளைக்கே குடுத்துவிடுறன்," என்றார் ஆனந்தராசா.

"குடுங்கோ, குடாமல் விடுங்கோ. மிச்சம் ஏழும் எப்ப வரும்?"

"தெரியாது."

"தெரியாத வீட்டிலை நான் இருக்கமாட்டன். வாறதெல்லாம் வந்து முடிஞ்ச பிறகு சொல்லுங்கோ."

அன்றிலிருந்து குணேஸ்வரி கர்க்லாண்டிலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு மெட்ரோவும் மாறித் கார்டெரியில், சின்னப் பிள்ளைகள் பார்க்கிற தன்னுடைய வேலைக்குப் போய்வந்தார். ஆனந்தராசாவைத் தேடிச் சத்தங்கள் வந்துகொண்டிருந்தன. ஒன்று பேக்கரியில் வந்தது, தட்டு விழுந்ததென்று மேற்பார்வையாளர் ஏசினார். ஒன்று உடுப்புத் தோய்க்கும் கடையில். ஒன்று ஜாரி பூங்காவில் எங்களுடைய பெடியள் கிரிக்கெட் ஆடும்போது வந்தது, நடுவர் பதறி நோ-போல் கொடுத்துவிட்டார், அந்தத் தகராறு இன்னும் தீரவில்லை. ஒன்று ஜாக்-கார்த்தியே பாலத்தில் காருக்குள், கண்ணாடி பூட்டியிருக்கும்போது வந்தது. இன்னொன்று பல் வைத்தியரின் கதிரையில். மொத்தம் ஆறு. மிச்சம் இரண்டும் நாளைக்கு வருமா, பத்து வருடத்தில் வருமா என்று சொல்ல ஆள் இல்லை. இருபத்துநான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்த பெண்ணை ஒரு மோல்ட் பேணியால் இழந்துவிடுவேனோ என்று அவர் பயந்தார். தனியே சமைத்த கறியை வாயில் வைக்க முடியவில்லை.

துவக்கு மருந்து விற்கிற கடைக்குப் போனார். கடைக்காரி கண்ணாடிக் குப்பிகளில் மாதிரி மருந்தை அடைத்துப் பலகையில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தாள். பேணியில் எஃப் என்ற எழுத்து எத்தனை இருக்கிறதோ, அத்தனைக்கு மணி பொடி என்றாள். நாலு எஃப் தூள், கிண்ணியில் பொறி பிடிக்க மட்டும். மூன்று எஃப் சின்னக் குழலுக்கு, இரண்டு எஃப் பெரிய குழலுக்கு, ஒரு எஃப் அதிலும் பருத்த கட்டை மணி. புதிய காலத்து மாற்று மருந்து வாங்கிப்போகாதே, கல்லுப் பொறிக்கு அது ஒழுங்காய்ப் பற்றாது, அசல் கறுப்பு மருந்துதான் வேண்டும் என்றாள். பிந்துகிற சத்தத்தைப் பற்றிக் கேட்டபோது, கட்டை மணி என்றால் கூடப் பிந்தும், அவ்வளவுதான் தெரியும் என்றாள். "நீ என்ன மணி போட்டாய்?" என்று கேட்டாள். மூன்றையும் கலந்தேன் என்று ஆனந்தராசா சொன்னபோது, அவள் முதல் முதலாக அதிர்ச்சி அடைந்தாள். பேணியில் இருக்கிற மருந்தை ஒருநாளும் பேணி மாற்றாதே என்று விரலை நீட்டிச் சொன்னாள்.

அவர் மோல்ட் பேணியோடு நேரே கர்க்லாண்டுக்குப் போனார். பின்வளவில், புல்லுக்கு நடுவில் நின்று பேணியைத் திறந்து காட்டினார். குணேஸ்வரி குனிந்து பார்த்தார்.

"இதென்ன, குறுணலும் ரவையும் மாவும் ஒண்டாய்க் கிடக்கு?"

"பேணி மூண்டும் அரைவாசியாய் நிண்டது. அதுதான் கலந்தனான்."

"மூண்டையும் கலந்தா எப்பிடிப்பா ஒரு நேரத்துக்கு அவியும்? ஒண்டு முந்தும், ஒண்டு பிந்தும். விசரே உங்களுக்கு?"

"உம்மட மிளகாய்த்தூள் போத்திலைப் பாத்துத்தான் பழகினனான்."

குணேஸ்வரி பேணியை வாங்கி மூடினார். பிறகு, இருபத்துநான்கு வருடத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"நான் சத்தத்துக்குப் பயமெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறியள், என்ன? சத்தம் எனக்கு என்ன செய்யும்? அங்கை ஷெல் அடிக்கேக்குள்ளை, தூரத்திலை டும் எண்டு கேட்ட உடனை பங்கருக்குள்ளை இருந்து எண்ணுவம். பதினெட்டு எண்ண வந்து விழும். எண்ணேக்குள்ளை ஒருத்தரும் அழுறேல்லை. பதினெட்டு முடிஞ்சும் விழாட்டித்தான் அம்மா எங்களை இறுக்கிப் பிடிப்பா. எனக்கு அந்தப் பத்தொன்பதுதான் பயம்."

ஆனந்தராசாவுக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு காலமும் பஞ்சு வாங்கிக் கொடுத்ததல்லாமல் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று நினைத்தார். அவர் வாயைத் திறக்குமுன் குணேஸ்வரி தங்கச்சியின் பித்தளை அரிதட்டுகளை எடுத்துவந்துவிட்டார். மா அரிக்கிற கை பொய் சொல்லாது. காற்றில்லாத பக்கம் பார்த்துக் குந்தியிருந்து, அடுப்பு விளக்கு ஒன்றும் கிட்ட வராமல், பேணியில் கிடந்ததை மூன்று குவியலாகப் பிரித்துக் கொடுத்தார். தங்கச்சி அந்த அரிதட்டுகளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்றாள்.

அடுத்த சனிக்கிழமை, ஜூலை ஒன்பது, ஆனந்தராசா ஒவ்வொரு குவியலிலும் ஒவ்வொரு வெடி சுட்டார். ஆகப் பொடியான மூன்று எஃப்பின் சத்தம் சரியாக அடுத்த நாள் அதே நிமிடத்தில் வந்தது. இரண்டு எஃப் பதினோராம் நாள் வந்தது. பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிற மகள் நிரோஜா, படி ஒன்றுக்குப் பதினொரு மடங்கு என்றால் ஒரு எஃப்புக்கு நூற்றிருபத்தொரு நாள், ஆகவே கலந்து சுட்டது எதுவும் ஒக்டோபர் மூன்றாந்தேதியைத் தாண்டி வராது என்று கணக்குப் போட்டுக் கொடுத்தாள். அன்று பின்னேரமே குணேஸ்வரி பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வராமல் கிடந்த இரண்டு வெடியும் அப்போதும் வராமல்தான் கிடந்தன.

ஒன்று ஆவணியில், ஆனந்தராசா குளிக்கும்போது வந்தது. மற்றது வரவில்லை. செப்டம்பர் முழுக்க ஆனந்தராசா நித்திரையில்லாமல் மெலிந்தார். குணேஸ்வரியும் பயப்படாமல் இருக்கவில்லை, ஆனாலும் பஞ்சு வைக்கவில்லை. ஒக்டோபர் முதலாந்தேதி நாலு மணிக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது, கலந்து சுட்டதில் கடைசி வெடி கேட்டது. குணேஸ்வரி கேத்திலைக் கீழே வைக்காமல் மணிக்கூட்டைப் பார்த்தார். "ஓம், வந்திட்டுது," என்று சொல்லிச் சீனி போட்டார். அழுதது ஆனந்தராசாதான்.

ஒரு எஃப் குவியலின் சோதனை வெடியும் நிரோஜாவின் கணக்குப்படியே நவம்பர் ஏழாந்தேதி வந்துசேர்ந்தது. துவக்கைக் கொடுத்துவிடுகிற கதை அதற்குப் பிறகு வரவில்லை. அடுத்த வருடம் மருந்து வாங்கக் கடைக்குப் போனது குணேஸ்வரி. குப்பிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மணி ஒரே அளவாக இருக்கிறதா, அடியில் தூள் தங்கியிருக்கிறதா, மினுக்கம் எப்படி என்று அரிசி வாங்குவதுபோல விசாரித்து, வகைக்கு ஒரு பேணி வாங்கினார். பிரிட்ஜில் ஒரு அட்டவணை ஒட்டப்பட்டது: சுட்ட நாள், மணி, வரும் நாள், நேரம். செப்டம்பரில் சுட்ட ஒரு எஃப் வெடிகள் ஜனவரிப் பனியில் ஒவ்வொன்றாக வந்தன. சூசைப்பிள்ளை தன்னுடைய சீனி வருத்தக் குளிசையை அந்த வெடி நேரம் பார்த்து விழுங்கப் பழகினார். வெடி வருகிற நாட்களில் வீட்டுக் கோப்பைகளைத் துணியில் சுற்றி வைப்பது வழக்கமாயிற்று.

2024 செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை குணேஸ்வரி சங்கத்து வயலுக்கு வந்து, நானும் ஒன்று சுடப்போகிறேன் என்றார். என்ன மணி என்று கேட்டதற்கு, சங்கத்துப் பீரங்கிகளுக்கு வைத்திருந்த இரண்டு வகையில் பெரியதைக் காட்டினார். ஒவ்வொரு மணியும் மிளகளவு, ஒரு எஃப்பைவிட இரண்டு படி கட்டை. கூட வந்திருந்த நிரோஜா தன் போனில் கணக்குப் பார்த்து, பதினாலாயிரத்து அறுநூற்று நாற்பத்தொரு நாள் என்றாள். அதற்குள் ஆள் செத்துவிட்டால் சத்தம் எங்கே போகும் என்று ஆனந்தராசா கேட்டார். தன் மாமாவின் கடைசி வெடி அவரைப் புதைத்து மூன்று மாதத்தில் மகள் வீட்டில் கேட்டதென்று ரெஜான் சொன்னார்.

"எனக்கு வந்ததெல்லாம் நாள் சொல்லாமல் வந்தது," என்றார் குணேஸ்வரி. "நான் அனுப்புறதாவது நாள் சொல்லிப் போகட்டும்."

துவக்கை ஆனந்தராசா இடித்துக் கொடுத்தார். குணேஸ்வரி எல்லாரும் பின்னால் நிற்கிறார்களா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சுட்டார். மருந்து அந்தக் குழலுக்குக் கட்டை, குண்டு பலகைவரை போகாமல் இருபதடியில் புல்லுக்குள் விழுந்தது. புகை எழும்பியது, சத்தம் வரவில்லை. நேரம் இரண்டு இருபது.

வீட்டுக்கு வரும் வழியில் நிரோஜா போனில் 2064 ஒக்டோபர் இருபத்தொன்பது, புதன்கிழமை, பின்னேரம் இரண்டு இருபது என்று பதிந்தாள். போன் அந்தத் தேதியை ஏற்றுக்கொண்டு, எவ்வளவு நேரத்துக்கு முதல் ஞாபகப்படுத்த வேண்டும் என்று கேட்டது.

"ஒரு மணித்தியாலம் போதுமோ அம்மா?"

"முதல் நாளே சொல்லட்டும் பிள்ளை. வீட்டிலை சின்னப் பிள்ளையள் இருந்தா, அதுகளுக்கும் அண்டைக்கே சொல்லிவிடு."

நிரோஜா அதையும் கீழே எழுதிக்கொண்டாள்.