சிவப்புக் குறி போட்ட தட்டுகள்

ஆய்வகத்தில் ஈஸ்ட் வளர்க்கும் ஒரு தட்டின் மூடியில் பேராசிரியர் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டால் அதன் கதை முடிந்தது. வெள்ளிக்கிழமை ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலனில் போட்டு அவித்துவிடுவார்கள். அன்று ஆராய்ச்சி மாணவியின் எட்டுத் தட்டுகளிலும் குறி விழுந்திருந்தது.

ஆய்வகத்தில் அவளுக்கு 'விடாக்கண்டி' என்று பட்டப்பெயர். ஈஸ்ட் செல்லின் உட்கருவில் டி.என்.ஏ. நூல் இறுக்கிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். வேண்டிய இடத்தில் அதைத் தளர்த்திவிட ஒரு புரதம் உண்டு. அந்தப் புரதத்துக்கான மரபணுவை அவள் நீக்கியிருந்தாள். சர்க்கரை கிடைத்தால், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா வேலை செய்யாவிட்டாலும் ஈஸ்ட் எப்படியோ ஒப்பேற்றிக்கொள்ளும். கிளிசரால் மட்டும் கொடுத்தால் மைட்டோகாண்ட்ரியா உழைத்தே ஆகவேண்டும். அவளுடைய ஈஸ்ட் சர்க்கரையில் சின்னப் புள்ளிகளாக வளர்ந்தது. கிளிசராலில் வளரவே இல்லை.

சுருளைத் தளர்த்த ஆளில்லாமல் மைட்டோகாண்ட்ரியாவுக்கான மரபணுக்கள் முடங்கிக் கிடக்கின்றன என்றாள் அவள். பேராசிரியர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மைட்டோகாண்ட்ரியா தன் சொந்த டி.என்.ஏ.வைத் தொலைத்துவிட்டது, போனது திரும்பாது, வேறு தலைப்பு எடு என்றார். போன வருடம் அவள் அப்படி டி.என்.ஏ.வைத் தொலைத்த, 'குட்டை' எனப்படும் ஈஸ்டைத் தெரியாமல் வளர்த்து ஆறு மாதத்தைக் கோட்டை விட்டவள். அதனால் அவளுக்காகப் பேச ஆளில்லை. தலைப்பு மாறினால் நான்கு வருட உழைப்பு அம்போ.

சரி என்று சொல்லித் தொலையேன் என்று அக்கா போனில் கெஞ்சினாள்.

"நான் சரின்னு சொல்லிட்டா அவர் சொன்னது சரின்னு ஆயிடும்க்கா."

ஒருமுறை சறுக்கியவள் ஆயுசுக்கும் சறுக்குவாளா என்ன? அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒரு மூடியின் சிவப்பைத் துடைத்தாள். அந்த ஈஸ்டுக்குள் நீக்கிய மரபணுவைத் திருப்பி வைத்தாள். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. நிஜமாகவே போயிருந்தால் இதனால் எதுவும் தேறாது. எல்லோரும் சிரித்த போன வருடத்துக் குட்டை ஈஸ்டையும் உறைபெட்டியிலிருந்து எடுத்து, ஒப்பிட்டுப் பார்க்க அதே மரபணுவை அதற்கும் கொடுத்தாள். இரண்டையும் ஒரே கிளிசரால் தட்டில் பாதிப் பாதியாகத் தடவினாள்.

ஐந்தாம் நாள் காலை அந்தத் தட்டைப் பேராசிரியரின் மேசையில் வைத்தாள். குட்டை ஈஸ்ட் இருந்த பாதி வழித்துவிட்டாற்போல் கிடந்தது. மறுபாதியில் ஈஸ்ட் கெட்டியாக, மண்டி வளர்ந்திருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சரி, எழுது. மரபணுவைத் திரும்ப வச்சுப் பாக்கச் சொன்னது நான்தான்னு போட்டுக்க."

"நீங்க தூக்கிப் போடச் சொன்ன தேதி என் நோட்டுல இருக்கு சார். அதைத்தான் போடுவேன்."

அவள் அவருடைய சிவப்புப் பேனாவையே எடுத்து, மூடியில் 'தூக்கிப் போடக் கூடாது' என்று எழுதிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.